எலுமிச்சைக்கு உப்பு: நான்கு வேர்ச்செடிகளை வளர்த்துப் பார்த்த பதிவு

பெராக் கடலோரத்துப் பாகான் டத்தோவில் தென்னை வளர்க்க யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். தண்ணீரில் உப்பு கொஞ்சம் ஏறினாலும் தென்னை கண்டுகொள்ளாது. சொல்லப்போனால் குளோரைடு அதற்கு வேண்டிய சத்து. செம்பனைக்கும் அப்படித்தான். எலுமிச்சை இனம் இதற்கு நேர்மாறு. ஆரஞ்சை எடுத்துக்கொண்டால், வேர் நிற்கும் மண்ணை நீரில் குழைத்து வடித்த சாற்றில் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) மீட்டருக்கு 1.7 டெசிசீமென்ஸைத் தாண்டியதுமே விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமென்ஸுக்கும் சுமார் 16 சதவீதம் போகும். கடல்நீர் 50-ஐத் தாண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்ன எண் என்று தெரியும்.

எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு வரிசை எலுமிச்சை இருக்கிறது. எல்லாம் பதியன் போட்டு வைத்தவை. மழை குறைந்த மாதங்களில் கடல் ஏற்றத்தோடு உப்புத் தண்ணீர் ஆற்றில் மேலேறும்; பக்கத்துப் பாரிட் என்கிற வடிகால் வாய்க்காலிலும் தண்ணீர் கரிக்கும். அந்த நேரத்தில் இலை நுனி கருகும், பிறகு உதிரும். மழை வந்தால் மறுபடியும் துளிர்க்கும். அடுத்த வறட்சியில் முன்பைவிட மோசம். கோயிலுக்கு மாலை கட்டப் பழம் கடையில் வாங்குகிறார்கள். கோயில் நிலத்திலேயே மரம் இருந்தும் வாங்க வேண்டியிருக்கிறதே என்ற பேச்சு கமிட்டிக் கூட்டத்தில் வந்தபோது, வேரை மாற்றிப் பார்க்கலாம், அதாவது உப்பைத் தாங்கும் வேறொரு செடியை வேர்ச்செடியாக வைத்து அதன் மேல் நம் எலுமிச்சையை ஒட்டுக் கட்டலாம் என்று நான்தான் சொன்னேன்.

அதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது: இது உப்புதானா? மலேசியாவில் எலுமிச்சை இலை மஞ்சளானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, சைலிட் பூச்சி பரப்பும் கிரீனிங் நோயைத்தான். அந்த நோயில் மஞ்சள் திட்டுத் திட்டாக வரும். நடு நரம்புக்கு இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். துத்தநாகம் போதாவிட்டால் இளம் இலையில் நரம்புகளுக்கு இடையே இரண்டு பக்கமும் ஒரே சீராக வெளுக்கும். உப்பு அப்படி இல்லை. வயதான இலையில்தான் தொடங்கும். நுனி முதலில் வெண்கல நிறமாகி, ஓரம் வழியாகக் கருகி உள்ளே வரும். கோயில் மரங்களில் கீழ் இலைகள் எல்லாம் நுனி கருகியவை, துளிர் பச்சை. ஒரு மரத்தில் மட்டும் திட்டு மஞ்சள் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெட்டி எரிக்கச் சொல்லிவிட்டேன்.

தண்ணீரை அளக்க ஆன்லைனில் கிடைக்கும் பேனா மாதிரியான மீட்டர் போதும். ஆனால் அதில் ஒரு வம்பு உண்டு. உப்பை பிபிஎம்மில் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்) காட்டும் பேனாக்களில் சிலது ஒரு டெசிசீமென்ஸுக்கு 500 என்ற கணக்கு, சிலது 700 கணக்கு. அதாவது ஒன்றில் 1000 என்றால் 2 டெசிசீமென்ஸ். இன்னொன்றில் அதே 1000-க்கு 1.4 தான். பக்கத்து வீட்டுக்காரர் பேனாவும் என் பேனாவும் ஒரே வாளித் தண்ணீருக்கு வேறு வேறு பதில் சொன்னது இதனால்தான். நேராக மைக்ரோசீமென்ஸ் (1000 என்றால் 1 டெசிசீமென்ஸ்) காட்டும் பேனாவை வாங்கி, 1413 என்று எழுதிய சரிபார்ப்புத் திரவத்தில் முக்கித் திருத்திக்கொள்ளுங்கள். வறட்சியில் எங்கள் பாரிட் 3 டெசிசீமென்ஸுக்குப் பக்கத்தில் நின்றது. மழைநீர்த் தொட்டி கிட்டத்தட்ட சுழியம்.

வேர்ச்செடிகளில் உப்பைத் தாங்குவது எது என்பது புதிய கேள்வி இல்லை. டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் 1950-களிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். மேலே ஒட்டிய ரகம் ஒன்றாகவே இருந்தாலும், கீழே உள்ள வேர் எது என்பதைப் பொறுத்து இலையில் சேரும் குளோரைடு மாறுகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1985-இல் வெளியிட்ட பாசனநீர்க் கையேட்டில் இதற்கு ஒரு அட்டவணையே உண்டு. கிளியோபாட்ரா மாண்டரின், ரங்பூர் எலுமிச்சை இரண்டும் மண்சாற்றில் லிட்டருக்குச் சுமார் 890 மில்லிகிராம் குளோரைடு வரை தாங்கும். ரஃப் லெமன் சுமார் 530. கலமாண்டின், அதாவது நம் ஊர் லீமாவ் கஸ்தூரி, சுமார் 355 தான். கோயில் மரத்துக்குப் பதிலாகக் கஸ்தூரி விதையைப் போட்டு அதில் ஒட்டுக் கட்டலாம், அது எங்கேயும் வளரும் என்று இங்கே பலரும் சொல்வார்கள். அட்டவணை வேறு மாதிரி சொன்னதால்தான் நம் தண்ணீரில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டது இந்த நான்கையும்தான்.

விதை பற்றி இரண்டு வார்த்தை. எலுமிச்சை இன விதையைக் காயவைத்து வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். பழத்திலிருந்து எடுத்ததும் கழுவிப் போட்டுவிட வேண்டும். இந்த நான்கிலும் ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சு. மகரந்தம் கலந்து பிறந்தது எப்போதாவது ஒன்று. இலையோ வளர்த்தியோ கூட்டத்தோடு சேராமல் நிற்கிற நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். பம்பளிமாஸுக்கு இந்த வசதி கிடையாது. அதன் ஒவ்வொரு விதையும் தனிப் பிறவி, வேர்ச்செடிச் சோதனைக்கு உதவாது.

பாலிபேக்கில் என்ன மண் போடுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. தென்னை ஊரில் இருந்துகொண்டு நார்த்தூளைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று பக்கத்து மட்டைக் குவியலிலிருந்து அள்ளி வந்தேன். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரைப் பேனாவில் பார்த்தால் பாரிட் தண்ணீரைவிட அதிகம் காட்டியது. கடலோரத் தேங்காய் மட்டையில் சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். உப்புச் சோதனைக்கு உப்பு மண்ணிலேயே செடி வைத்தால் எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாமல் போகும். மழைநீரில் பலமுறை அலசினேன். குளோரைடு அதில் போய்விடும்; ஆனால் சோடியம் நாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் கால்சியம் அந்த இடத்தில் உட்கார்ந்து சோடியத்தை வெளியே தள்ளிவிடும். மறுநாள் இன்னொரு அலசல். பிறகு மூன்று பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு இந்த நார்த்தூள். மணல் அதிகமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: ஊற்றுகிற தண்ணீர் அடியில் வழிந்து போக வேண்டும். வழியவிடாமல் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் மண்ணில் ஏறிக்கொண்டே போகும்.

உரத்திலும் அதே கதை. நான் தோட்டத்தில் உர ஸ்டோர் கணக்குப் பார்க்கிறவன். செம்பனைக்குப் போகும் எம்ஓபி மூட்டை மலைபோல் அடுக்கியிருக்கும். பொட்டாஷ் உரம்தானே, ஒரு கைப்பிடி எலுமிச்சைக்கும் போடலாம் என்று நினைக்கத் தோன்றும். அது பொட்டாசியம் குளோரைடு. எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. செம்பனைக்கு அது லாபம், எலுமிச்சைக்கு அது உப்பு. நாற்றுகளுக்குப் பொட்டாசியம் சல்பேட்டும் நைட்ரேட் உரமும் மட்டும் கொடுத்தேன். நைட்ரேட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: வேருக்குள் போகும் வழியில் குளோரைடோடு போட்டி போட்டு அதைக் கொஞ்சம் குறைக்கும்.

நாற்றுகள் பென்சில் கனத்துக்கு வரும் வரை எல்லாவற்றுக்கும் மழைநீர். அப்புறம் மூன்று கூட்டமாகப் பிரித்தேன். ஒன்றுக்கு மழைநீரே. இன்னொன்றுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு, ஏறக்குறைய 2 டெசிசீமென்ஸ். மூன்றாவதுக்கு 2.3 கிராம், 4-க்கு மேல். எடுத்த எடுப்பில் முழு அளவும் ஊற்றினால் செடி அதிர்ச்சியில் வாடும். ஒவ்வொரு தண்ணீருக்கும் அரை கிராம் வீதம் ஏற்றிக்கொண்டு போனேன். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை கட்டாயம். பெராக் வானத்தை நம்பி உப்புச் சோதனை வைக்க முடியாது. ஒரு சாயங்கால மழை எல்லாவற்றையும் கழுவிவிடும். தண்ணீரை மண்ணில்தான் ஊற்றினேன், இலையில் படவிடவில்லை. எலுமிச்சை இலை குளோரைடை நேராகவே உறிஞ்சும். தெளிப்பானில் உப்புத் தண்ணீர் அடித்தால் எந்த வேரைப் போட்டாலும் புண்ணியமில்லை.

என் மாமனார் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுவதையே வேலையாகச் செய்தவர். கூரைக்குக் கீழே பைகளின் வரிசையைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ள, ரப்பருல நல்ல பாலுக்காக மேல மரத்த மாத்துனோம். நீங்க உப்புக்காகக் கீழ வேர மாத்துறீங்க. வேல ஒண்ணுதான்” என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் ரப்பரில் பலன் தெரிய வருஷக்கணக்கு ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் சில வாரம் பார்த்தால் யாரும் தப்பாகத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். உப்புக் கூட்டத்தில் கஸ்தூரி பளபளவென்று பச்சையாக நின்றது. ரஃப் லெமன் மற்றவற்றைவிட உயரம். கிளியோபாட்ரா, பாவம், மழைநீரிலேயே மெதுவாக வளர்கிற சாதி. உப்பில் அடங்கிப் போய்விட்டது. ரங்பூர் நடுவில். கமிட்டித் தலைவர் வந்து பார்த்துவிட்டு, “கஸ்தூரிதான் கெட்டி” என்று சொல்லிப் போனார்.

உப்பு செடியைத் தாக்குவது இரண்டு தவணையில். முதல் தவணை தாகம். மண்ணில் உப்பு இருந்தால் வேருக்குத் தண்ணீர் இழுப்பது கடினம். அதனால் இலைத்துளைகள் மூடும், புது இலை சின்னதாக வரும், வளர்த்தி குறையும். நான்கு செடியுமே இதை அனுபவித்தன. தாங்கும் செடி, தாங்காத செடி என்ற வித்தியாசம் இதில் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது தவணைதான் விஷம். தண்ணீரோடு ஏறிய குளோரைடு இலையில் தங்கும், தண்ணீர் ஆவியாகப் போய்விடும். அதிக நாள் வேலை பார்த்த இலையில் அதிகமாகச் சேரும். கீழ் இலை முதலில் கருகுவது இதனால்தான். வேகமாக வளர்ந்து நிறையத் தண்ணீர் குடிக்கும் செடி, தடுப்பு இல்லாவிட்டால், தன் வேகத்துக்கே குளோரைடையும் சேர்த்துக்கொள்ளும். எலுமிச்சை இனத்துக்குச் சோடியத்தைவிடக் குளோரைடுதான் பெரிய எதிரி. கிளியோபாட்ராவும் ரங்பூரும் உப்பைச் செரிப்பதில்லை. வேரிலிருந்து தண்டின் நீர்க்குழாய்க்குள் குளோரைடு ஏறும் இடத்திலேயே அதைக் குறைத்துவிடுகின்றன. மூவிலை ஆரஞ்சு என்ற வேர்ச்செடி சோடியத்தை அடியில் பிடித்து வைத்துக்கொண்டு குளோரைடை மேலே விட்டுவிடும். ‘உப்பு தாங்கும்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதால் பயனில்லை, எந்த உப்பு என்று கேட்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று அக்கா மகளிடம் கேட்டேன். இடைநிலைப்பள்ளியில் வேதியியல் எடுக்கிறாள். “முடியும் மாமா, ஆனா கையுறை போட்டுக்கணும்” என்று சொல்லி, ஈப்போவில் ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில் சில்வர் நைட்ரேட்டும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வாங்கி வந்தாள். முறை எளிது. ஒவ்வொரு செடியிலும் ஒரே வயது முதிர்ந்த இலைகளைப் பறித்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பொடி செய்தோம். ஒரு கிராம் பொடியை 50 மில்லி சூடான காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, காப்பி வடிகட்டும் தாளில் வடித்தோம். அதைப் பத்து மடங்கு நீர்த்து, அமிலம் இரண்டு சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட். குளோரைடு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். அமிலத்தை விட்டுவிட்டால் இலையில் உள்ள பாஸ்பேட்டும் ஆக்சலேட்டும்கூடக் கலக்கம் காட்டி ஏமாற்றும். நீர்க்காமல் போட்டால் எல்லாமே பாலாகிவிடும், ஒப்பிட முடியாது.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமல்லவா? காய்ந்த இலையில் குளோரைடு 0.7 சதவீதத்தைத் தாண்டினால் எலுமிச்சை இனத்துக்கு அளவுக்கு மீறியது என்று கணக்கு. ஒரு கிராம் இலையில் அது 7 மில்லிகிராம். 50 மில்லியில் கரைந்தால் லிட்டருக்கு 140. லிட்டருக்கு 0.23 கிராம் உப்பு போட்டால் அதே 140 வரும். அந்தக் கரைசலையும் பத்து மடங்கு நீர்த்து, அதே சொட்டுகள் விட்டு நடுவில் வைத்தோம். குழாய்களுக்குப் பின்னால் ஒரு செய்தித்தாள். 2.3 கிராம் கூட்டத்தில் கஸ்தூரிக் குழாய்க்குப் பின்னால் தலைப்பு எழுத்தே மங்கியது. ரஃப் லெமன் அளவுகோலைவிடக் கொஞ்சம் அதிகக் கலக்கம். ரங்பூரில் சின்ன எழுத்தைச் சிரமப்பட்டுப் படிக்கலாம். கிளியோபாட்ராவில் கலக்கம் இருந்தது, ஆனால் வாசிப்புக்குத் தடையில்லை. மழைநீர்க் கூட்டம் நான்கும் ஏறக்குறைய தெளிவு. அப்போது கஸ்தூரி இலைகள் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன, நுனியில் லேசான வெண்கலம் மட்டும். பிறகு கருகி உதிர்ந்தது வேகமாக. ஆய்வுக்கூடத் துல்லியம் இதில் இல்லை. வரிசை தெரிந்தால் போதும், தெரிந்தது. மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. உப்புப் போட்டு வெள்ளியை அடியில் படியவைத்து, தனிப் புட்டியில் அவளே எடுத்துப் போனாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் கிளியோபாட்ரா முதல் பரிசு என்று எழுதி முடித்திருக்கலாம். சில நாற்றுகளைக் கோயில் நிலத்திலேயே நட்டுப் பார்த்ததும் படம் மாறியது. கடலோரக் களிமண், பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் மதகு மூடி, தண்ணீர் வடியாமல் நிற்கும். நீர் நின்ற இடத்தில் கிளியோபாட்ரா வாடியது. பிடுங்கிப் பார்த்தால், சல்லிவேரை விரலால் உருவும்போது மேல்தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி மட்டும் நின்றது. அது பைட்டோப்தோரா வேரழுகலின் அடையாளம். உப்பில் தளர்ந்த வேரை அந்தக் கிருமி சுலபமாகப் பிடிக்கும். ரங்பூரும் அதற்குப் பெரிய எதிர்ப்பு உள்ளதல்ல. மூவிலை ஆரஞ்சு அழுகலைத் தாங்கும், ஆனால் குளோரைடு தாங்காது. எல்லாவற்றையும் தாங்கும் வேர் என்று ஒன்று எங்கள் மண்ணுக்குக் கிடையாது.

ஆகவே மண்வெட்டி எடுத்தோம். முழங்காலுக்கு மேல் உயரமாக மேடு போட்டு, பக்கத்தில் வாய்க்கால் வெட்டி நட்டோம். தென்னந்தோப்பில் வரிசைக்கு வரிசை வாய்க்கால் இருப்பதைப் பார்த்துப் பழகிய ஊர், இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வாய்க்கால் ஆழமாகப் போகும்போது அடியிலிருந்து சாம்பல் நிறச் சேறு வரும், சிலநேரம் மஞ்சள் திட்டோடு, அழுகிய முட்டை வாடையோடு. அதை மேட்டின் மேல் போடக் கூடாது. காற்றுப் பட்டதும் அதிலுள்ள பைரைட் கந்தக அமிலமாக மாறும், மண்ணின் பிஎச் 4-க்குக் கீழே போய்விடும். அப்படி ஒரு மேட்டில் உப்பே இல்லாமல் செடி செத்துப்போகும். நாம் வேரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மேல்மண்ணை மட்டும் மேட்டுக்கு எடுத்து, அடிச் சேற்றை வாய்க்காலின் மறுகரையில் ஒதுக்கினோம்.

ஒட்டுக் கட்டியது மாமனார். கை நடுங்கினாலும் கத்தி நடுங்கவில்லை. மழை ஊரில், ஒட்டு மொட்டைச் செருகும் ‘டி’ (T) வடிவ வெட்டைத் தலைகீழாகப் போட வேண்டும் என்றார். குறுக்கு வெட்டு கீழே இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அந்த மொட்டை வைக்கச் சொன்னேன். அவருக்கு அது உயரமாகப் பட்டது. ரப்பரில் தரையோடு ஒட்டிக் கட்டிப் பழக்கம். எலுமிச்சை ரகத்தின் பட்டை ஈர மண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது, அடித்தண்டு அழுகாது என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். இந்த மேட்டு நிலத்தில் நான் தேர்ந்தெடுத்தது ரங்பூரைத்தான். கிளியோபாட்ராவின் குளோரைடுத் தடுப்பு அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. ஆனால் கோயிலுக்குப் பழம் வேண்டும், அது ஆற அமர வளர்ந்து காய்க்கும் வரை கமிட்டி காத்திருக்காது. மேட்டில் நீர் நிற்காததால் ரங்பூரின் அழுகல் பலவீனம் அவ்வளவு உறுத்தவில்லை.

இப்போது பழக்கம் இதுதான். மழைநீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை அதுதான் எலுமிச்சைக்கு. பாரிட் தண்ணீரை எடுக்க வேண்டி வந்தால் முதலில் பேனா. 1-க்கு மேல் இருந்தால் தொட்டித் தண்ணீரோடு கலந்து, சாயங்காலத்தில், அடியில் வழியும் அளவுக்கு. வறட்சிக்குப் பிறகு தூறல் போட்டால் பாசனத்தை நிறுத்துவதில்லை. மண்ணின் மேலே படிந்த உப்பைத் தூறல் கரைத்து வேர் இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். பெருமழை வந்து அதையும் தாண்டிக் கீழே தள்ளும் வரை நாமும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மேட்டில் தென்னை மட்டையை மூடாக்காகப் போடுகிறோம், நார்த்தூளை அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் ஜிப்சம். அதைப் போட்ட கையோடு மண்சாற்றை அளந்தால் பேனா எகிறும், பயப்பட வேண்டாம். அதில் ஏறுவது கால்சியமும் சல்பேட்டும்.

ஹூத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒருவர் வந்து ரங்பூர் நாற்று கேட்டார். கொடுத்தேன். அவர் நிலம் எப்படி என்று கேட்டதற்கு, “தண்ணி நிக்கும், ஆனா உப்பு இல்ல” என்றார். அப்படியானால் இது வேண்டாம், அழுகல் தாங்கும் வேறு வேர் பாருங்கள் என்று சொல்லி நாற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான் போனார்.